வாலிபர் பாடகர் குழுவோடு வெளிநாட்டு மிஷன் பயணம்: எதை முதலில் முடிக்க வேண்டும்?

வாலிபர்_ஐக்கியம்_செயலர் (கேள்வி)

அனைவருக்கும் ஸ்தோத்திரம்.

எங்கள் சபையின் வாலிபர் பாடகர் குழுவுக்கு வெளிநாட்டுச் சபைகள் இரண்டிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. ஒன்று வெப்ப மண்டல நாடு, மலேரியா உள்ள பகுதி. மற்றது குளிர் நாடு. எதற்குப் போவது என்று கமிட்டி இன்னும் முடிவு செய்யவில்லை. எதுவானாலும் பத்துப் பன்னிரண்டு நாள் பயணம். பாடுகிறவர்கள் 22 பேர், அதில் ஐந்து பேர் 18 வயதுக்குக் கீழே. கூட வரும் பெரியவர்கள் மூன்று பேர். ஞாயிறு ஆராதனை, வாலிபர் கூட்டம், ஒரு பள்ளி, ஒரு மருத்துவமனை, கடைசியில் ஒரு மாலை இசை ஆராதனை என்று அவர்கள் தோராயமாக ஒரு திட்டம் அனுப்பியிருக்கிறார்கள். கையில் ஏழு மாதம் இருக்கிறது.

எனக்குத் தெரிய வேண்டியவை: டிக்கெட், விசா, தடுப்பூசி இவற்றை எந்த வரிசையில் செய்வது? எத்தனை பாட்டு, எந்த மொழியில் தயார் செய்வது? கீபோர்டு, கிட்டார், மைக் எல்லாம் இங்கிருந்தே கொண்டுபோவதா? சின்னப் பிள்ளைகள் விஷயத்தில் என்னென்ன எழுத்தில் வேண்டும்? செய்து பழகியவர்கள் விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

பயணக்கோப்பு

பிரதர், ஸ்பான்சர் கடிதம், டி-ஷர்ட் எல்லாம் பிறகு. முதல் வேலை விசா வகை. டிக்கெட் அதற்குப் பின்னால்தான்.

சுற்றுலா விசாவில் போய் ஒரு சர்ச்சில் நாலு பாட்டுப் பாடினால் யார் கேட்கப்போகிறார்கள் என்று உங்கள் கமிட்டியிலேயே ஒருவர் சொல்வார். கேட்பார்கள். பல நாடுகளில் மத ஊழியத்துக்குத் தனி விசா வகை இருக்கிறது. சில நாடுகளில் சம்பளமில்லாமல் வரும் குழுவை சாதாரண வருகையாளர் விசாவிலேயே விடுவார்கள். இன்னும் சில இடங்களில் டிக்கெட் போட்டு விற்கும் நிகழ்ச்சியில் பாடினால் அதை வேலை என்று கணக்கெடுப்பார்கள். ஆகவே தூதரகத்துக்கு மின்னஞ்சலில் மூன்று விஷயம் தெளிவாகச் சொல்லிக் கேளுங்கள்: சபைகளில் பாடுவோம், கட்டணம் வாங்க மாட்டோம், இத்தனை நாள் இருப்போம். பதிலை அச்செடுத்துக் கோப்பில் வையுங்கள். போனில் சொன்ன பதிலை வைத்து எதையும் செய்யாதீர்கள்.

அழைப்புக் கடிதத்தை அவர்களே எழுதட்டும் என்று விட்டுவிட வேண்டாம். அன்பும் ஆசீர்வாதமும் நிறைந்த கடிதம் வரும், அதிகாரிக்கு வேண்டிய ஒன்றும் அதில் இருக்காது. நீங்களே ஒரு மாதிரி தயாரித்து அனுப்புங்கள். அவர்கள் சபையின் லெட்டர்ஹெட், பதிவு எண், பொறுப்பாளரின் பெயரும் தொலைபேசியும், 25 பேரின் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து, பாஸ்போர்ட் எண், வரும் தேதி, போகும் தேதி, தங்கும் முகவரி, சாப்பாட்டுக்கும் தங்குமிடத்துக்கும் யார் பொறுப்பு, எந்தெந்த நாள் எங்கே என்ன நிகழ்ச்சி, ஊதியம் இல்லை என்ற ஒரு வரி. இவ்வளவும் ஒரே கடிதத்தில் வர வேண்டும்.

பெயர் விஷயம் சின்னதாகத் தெரியும், ஆனால் அதிகத் தொல்லை அங்கேதான். பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் கட்டம் காலியாக உள்ளவர்கள், இனிஷியலை ஒரு ஆவணத்தில் விரித்தும் இன்னொன்றில் விரிக்காமலும் வைத்திருப்பவர்கள் குழுவில் நிச்சயம் இருப்பார்கள். குடும்பப்பெயர் இல்லாதவரின் பெயரை டிக்கெட்டில் எப்படிப் போடுவது என்பதற்கு விமான நிறுவனத்துக்கு நிறுவனம் வழக்கம் வேறு. ஏஜென்டிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். விசா, டிக்கெட், தடுப்பூசி அட்டை மூன்றிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். இதை இந்த மாதமே பாருங்கள். பாஸ்போர்ட்டையே திருத்த வேண்டி வந்தால் வாரக்கணக்கில் ஆகும். திரும்பி வரும் தேதிக்குப் பிறகும் ஆறு மாதம் செல்லுபடி, குறைந்தது இரண்டு வெற்றுப் பக்கம், இவற்றையும் அதே நாளில் பார்த்துவிடுங்கள்.

18 வயதுக்குக் கீழே உள்ள ஐந்து பேருக்கும் பெற்றோர் இருவரும் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம் வேண்டும், நோட்டரி முன்னிலையில். அதில் கூட்டிப்போகும் பெரியவரின் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும், பயணத் தேதிகளும், அவசர சிகிச்சைக்கு அனுமதி கொடுக்கும் அதிகாரமும் இருக்க வேண்டும். பெற்றோரில் ஒருவர் இல்லை, அல்லது பிரிந்திருக்கிறார்கள் என்றால் அதற்கான சான்று தனியாக. பிறப்புச் சான்றிதழ் நகலும் கூட. சில நாடுகள் அப்போஸ்டில் முத்திரை (ஆவணம் உண்மையானது என்று வெளிநாட்டுக்காக அரசு தரும் சான்று) கேட்கும், சில நாடுகள் தங்கள் மொழியில் மொழிபெயர்ப்பு கேட்கும். அசல் அந்தப் பெரியவரின் கைப்பையில், ஒரு நகல் இன்னொரு பெரியவரிடம். செக்-இன் பெட்டிக்குள் எந்தக் காகிதமும் போகக் கூடாது.

இன்னொன்று. இமிகிரேஷன் கவுண்டரில் 25 பேரும் தனித்தனியாகத்தான் நிற்பார்கள். பதினேழு வயதுத் தம்பி "மினிஸ்ட்ரிக்கு வந்திருக்கோம்" என்பான், பக்கத்துக் கவுண்டரில் அண்ணன் "சும்மா சுற்றிப் பார்க்க" என்பார். உடனே மொத்தக் குழுவையும் ஓரமாக உட்கார வைத்துவிடுவார்கள். உண்மையான பதில் ஒன்றுதான் இருக்கிறது, அதை எல்லோரும் ஒரே மாதிரி, ஒரு வாக்கியத்தில் சொல்லப் பழக்குங்கள்: எந்தச் சபை அழைத்தது, எத்தனை நாள், எங்கே தங்குகிறோம். அழைப்புக் கடிதத்தின் நகல் ஒவ்வொருவர் கையிலும் இருக்கட்டும்.

---

நான்காம்_பெஞ்ச்

டிக்கெட் பற்றி மட்டும். பெரும்பாலான விமான நிறுவனங்களில் பத்துப் பேருக்கு மேல் என்றால் குரூப் புக்கிங். முன்பணம் கட்டி இருக்கையைப் பிடித்துவைத்துவிட்டுப் பெயர்களைப் பிறகு கொடுக்கலாம். தனி டிக்கெட்டை விட மலிவு என்று நம்பிப் போகாதீர்கள், சில நேரம் கூடுதலாகவே வரும். உண்மையான லாபம் பெயர் மாற்றும் வசதி. விசா மறுக்கப்பட்டு ஒருவர் வராமல் போனால் அவர் இடத்தில் வேறொருவரைப் போடலாம், ஆனால் டிக்கெட் வழங்கும் தேதிக்கு முன்னால் மட்டும். அந்தத் தேதியையும், எத்தனை இருக்கை வரை அபராதமில்லாமல் குறைக்கலாம் என்பதையும் ஒப்பந்தத்தில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். மாற்று விமானம் ஏறும் இடத்தில் இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக இடைவெளி வேண்டாம். 25 பேர் ஒரே பாதுகாப்பு வரிசையில் நிற்க அதுவே போதாது.

---

ஆல்டோ_இரண்டு

குழுவை நடத்துகிறவர் யார் என்று நீங்கள் சொல்லவில்லை. இந்தப் பதில் அவருக்காக.

பாட்டு எண்ணிக்கை: பத்துப் பன்னிரண்டு பாட்டு போதும், ஆனால் அத்தனையும் மனப்பாடம். ஃபைலைப் பிடித்துக்கொண்டு பாடும் குழு மருத்துவமனை வார்டில் நோயாளியின் முகத்தைப் பார்க்க முடியாது. அந்தப் பத்திலிருந்து 10 நிமிடம், 25 நிமிடம், 50 நிமிடம் என்று மூன்று அளவில் வரிசை போட்டு வையுங்கள். ஆராதனை நீண்டுவிட்டது, ஐந்து நிமிடம்தான் இருக்கிறது என்பார்கள். இல்லையென்றால் பேச வேண்டியவர் வரவில்லை, இன்னும் அரை மணி நேரம் பாடுங்கள் என்பார்கள். இரண்டும் கட்டாயம் நடக்கும்.

எல்லாப் பாட்டுக்கும் வாத்தியமில்லாத வடிவம் ஒன்று இருக்க வேண்டும். கரண்ட் போனால், கீபோர்டு வராவிட்டால், வார்டில் சத்தம் கூடாது என்றால் அதுதான் கைகொடுக்கும். தொடக்க ஸ்ருதியைப் பிட்ச் பைப்பில் (ஸ்ருதி கொடுக்கும் சின்ன ஊதுகுழல்) எடுங்கள். போன் ஆப் போதும்தான், ஆனால் சார்ஜ் தீர்ந்தால் அதுவும் இல்லை. களைப்பில் வாத்தியமில்லாமல் பாடும்போது ஸ்ருதி இறங்கிக்கொண்டே போகும், முக்கியமாக இறங்குமுகமான வரிகளிலும் நீட்டிப் பிடிக்கும் சுரங்களிலும். அந்த இடங்களைப் பிராக்டிஸிலேயே குறித்து வைத்தால் பாதி சரியாகிவிடும்.

22 பேர் என்றால் பிரிப்பு சோப்ரானோ (பெண்களின் மேல்குரல்) 7, ஆல்டோ (பெண்களின் கீழ்க்குரல்) 6, டெனர் (ஆண்களின் மேல்குரல்) 4, பேஸ் (ஆண்களின் கீழ்க்குரல்) 5 என்ற மாதிரி வரும். டெனர்தான் ஆபத்து. நாலு பேரில் இரண்டு பேருக்குத் தொண்டை கட்டினால் அந்தக் குரலே இல்லை. மேலே ஏறக்கூடிய ஒரு பேஸுக்கும், கீழே இறங்கக்கூடிய ஓர் ஆல்டோவுக்கும் டெனர் வரியை இப்போதே சொல்லிக்கொடுங்கள். தனிக்குரல் உள்ள ஒவ்வொரு பாட்டுக்கும் இரண்டு பேர் தயாராக இருக்க வேண்டும்.

மொழி: அந்த ஊர் மொழியில் இரண்டு பாட்டு, அதிகபட்சம் மூன்று. வரிகளைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு முடிந்தது என்று நினைக்காதீர்கள். நம் எழுத்தில் க ஒன்றுதான், ப ஒன்றுதான், ட ஒன்றுதான். அந்த மொழியில் இரண்டு வெவ்வேறு ஒலிகளாக இருப்பவை நம் தாளில் ஒன்றாகிவிடும், 22 பேரும் 22 விதமாகப் படிப்பார்கள். அழுத்தி ஒலிக்கும் எழுத்தின் கீழே கோடு போடுவது என்று ஒரு குறியீடு வைத்துக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியம், அந்தச் சபையில் ஒருவரை முதலில் மெதுவாகப் பேச்சாக, பிறகு பாட்டாகப் பதிவு செய்து அனுப்பச் சொல்வது. பேச்சாக ஒரு வாரம் கேட்டுச் சொன்ன பிறகுதான் ராகத்தைத் தொட வேண்டும். ராகத்தோடு தவறாகப் பதிந்த உச்சரிப்பை எடுப்பது பெரும் பாடு. நீங்கள் பாடியதை அவர்களுக்கு அனுப்பி ஒப்புதல் வாங்குங்கள். அர்த்தத்தை வரிக்கு வரி எழுதிக் கொடுங்கள், எந்த வார்த்தையில் மூச்சு எடுக்கக் கூடாது என்று அப்போதுதான் தெரியும்.

இதைவிட எளிதான வழி ஒன்றும் உண்டு, அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பழைய பாமாலைகளின் ராகங்கள் பெரும்பாலும் பொதுவானவை. பாட்டுப் புத்தகத்தின் பின்னால் ராகத்தின் பெயரும் 8.6.8.6, 8.8.8.8 போன்ற அடி அளவும் அட்டவணையாக இருக்கும். அவர்கள் புத்தகத்தின் அட்டவணையைப் படமெடுத்து அனுப்பச் சொல்லி நம்முடையதோடு ஒப்பிடுங்கள். ஒரே ராகம் கிடைத்தால் முதல் சரணம் அவர்கள், இரண்டாவது நாம், கடைசியில் இரண்டு மொழியும் சேர்ந்து. சபை முழுவதும் பாடும், ஒத்திகையே தேவைப்படாது. ஸ்தாயியை மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், சபையார் பாடும் சுருதி நம் அச்சுப் பிரதியை விட ஒரு தொனி கீழே இருக்கலாம்.

குரல்: விமானத்துக்குள் ஈரப்பதம் 10 முதல் 20 சதவீதம்தான், தொண்டை காய்ந்துபோகும். தண்ணீரை மடக்கு மடக்காகக் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். விமானத்தில் கூட்டமாகப் பாடிப் பழகுவது, இரைச்சலுக்கு மேல் குரல் எழுப்பிப் பேசுவது இரண்டும் வேண்டாம். இறங்கின பிறகு முதல் நிகழ்ச்சிக்குக் குறைந்தது ஒன்றரை நாள் இடைவெளி கேளுங்கள். உடம்பின் கடிகாரம் ஒரு மணி நேர வித்தியாசத்துக்குத் தோராயமாக ஒரு நாள் எடுக்கும், கிழக்கு நோக்கிப் போனால் இன்னும் சிரமம். ஒரு நாளில் இரண்டு நிகழ்ச்சிக்கு மேல் வேண்டாம். அன்பினால் மூன்றாவது, நான்காவது என்று சேர்த்துக்கொண்டே போவார்கள். இதற்கு மறுப்புச் சொல்ல ஒரே ஒருவருக்கு அதிகாரம் கொடுங்கள், அவர் பாடகராக இருக்கக் கூடாது.

திறந்த வெளியில் பாட நேர்ந்தால் முதுகுக்குப் பின்னால் சுவர் உள்ள இடமாகப் பார்த்து, நெருக்கமான அரைவட்டமாக நில்லுங்கள். நேர்கோட்டில் நின்றால் ஓரத்தில் நிற்கும் சோப்ரானோவுக்கு எதிர் ஓரத்துப் பேஸ் கேட்கவே கேட்காது, வேகம் இரண்டாகப் பிரிந்துவிடும்.

---

வாலிபர்_ஐக்கியம்_செயலர்

மிகவும் நன்றி. அட்டவணை யோசனை எனக்குத் தோன்றவே இல்லை, இன்றே கேட்கிறேன். இன்னும் இரண்டு: எங்களிடம் 88 கட்டை உள்ள கீபோர்டு இருக்கிறது, வாசிக்கிறவர் அதை விட்டு வர மனமில்லை என்கிறார். இரண்டு பாட்டுக்கு டிராக் (பதிவு செய்த பின்னணி இசை) ஓட விட வேண்டும். கார்ட்லெஸ் மைக் நாலு இருக்கிறது. அப்புறம் மருந்து விஷயத்தில் யாராவது சொன்னால் நல்லது.

---

மிக்ஸர்_மூலை

88 கட்டை வேண்டாம். எடையுள்ள கட்டைகளோடு கருவியே 11 கிலோவுக்கு மேல் வரும், கெட்டியான பெட்டியோடு சேர்த்தால் வழக்கமான 23 கிலோ வரம்பைத் தொட்டுவிடும். நீளம், அகலம், உயரம் மூன்றும் கூட்டி 158 செ.மீ. என்பதுதான் பொதுவான அளவு வரம்பு, அதை 88 கட்டை நிச்சயம் தாண்டும். அங்கே என்ன இருக்கிறது என்று கேளுங்கள். "கீபோர்டு இருக்கிறது" என்ற பதில் போதாது. மாடல் எண், கட்டைகளின் எண்ணிக்கை, ஸ்டாண்டு, சஸ்டெய்ன் பெடல் (சுரத்தை நீட்டும் கால்மிதி), அடாப்டர் இத்தனையும் சேர்ந்த ஒரு படம் அனுப்பச் சொல்லுங்கள். பெடலும் அடாப்டரும்தான் காணாமல் போகும் பொருட்கள். உங்கள் பெடலை எடுத்துப் போங்கள். வேறு கம்பெனி கீபோர்டில் செருகும்போது அது தலைகீழாக வேலை செய்தால், பெடலை மிதிக்காமல் கீபோர்டை ஒரு முறை அணைத்து மறுபடி போடுங்கள். பல மாடல்கள் ஆன் ஆகும் நொடியில் பெடல் இருக்கும் நிலையைத்தான் "மிதிக்காத நிலை" என்று எடுத்துக்கொள்கின்றன. கட்டாயம் ஒன்று கொண்டுபோக வேண்டுமென்றால் பேட்டரியிலும் ஓடும் 61 கட்டை, ஐந்தாறு கிலோ.

கார்ட்லெஸ் மைக்கை வீட்டிலேயே வையுங்கள். ரேடியோ அலைவரிசை நாட்டுக்கு நாடு வேறு. 600, 700 மெகாஹெர்ட்ஸ் பட்டைகளைப் பல நாடுகள் மொபைல் சேவைக்குக் கொடுத்துவிட்டன. அங்கே உங்கள் மைக்கை இயக்குவது சட்டப்படி தவறாக இருக்கலாம், நடுப்பாட்டில் இரைச்சலும் வரலாம். வயர் உள்ள டைனமிக் மைக் இரண்டு போதும், அதற்கு ஃபான்டம் பவரும் (மிக்ஸரிலிருந்து மைக்குக்குப் போகும் மின்சாரம்) தேவையில்லை.

டிராக்: ஒரே ஆடியோ ஃபைலை இரண்டு போன், ஒரு யூஎஸ்பி மூன்றிலும் வையுங்கள். இணையத்திலிருந்து ஓட விடும் எண்ணமே வேண்டாம். போனை ஏரோப்ளேன் மோடில் போட்டுவிட்டு ஓடவிடுங்கள், இல்லையென்றால் அழைப்பு வரும் ஒலி ஸ்பீக்கரில் கேட்கும். லேப்டாப்பை மிக்ஸரில் இணைத்ததும் ஹூம் என்று ஓர் இரைச்சல் வந்தால் லேப்டாப் சார்ஜரை உருவிப் பாருங்கள். நின்றுவிட்டால் அது கிரவுண்ட் லூப், அதாவது இரண்டு கருவிகளின் எர்த் இணைப்பு வழியாக வரும் இரைச்சல். நிகழ்ச்சி முடியும்வரை பேட்டரியில் ஓட்டுங்கள், அல்லது கிரவுண்ட் லிஃப்ட் (ஆடியோ வயரின் கிரவுண்ட் இணைப்பைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) உள்ள ஒரு டிஐ பாக்ஸை, அதாவது கருவியை மிக்ஸரோடு இணைக்கும் சின்னப் பெட்டியை, இடையில் போடுங்கள். உள்ளங்கை அளவுப் பெட்டிதான், கட்டாயம் எடுத்துப் போங்கள். மிக்ஸரின் எர்த் கம்பியைக் கழற்றி இரைச்சலை நிறுத்தும் வேலையை யாரும் செய்யக் கூடாது. ஷாக் அடிக்கும் வழி அது.

மின்சாரம்: அடாப்டரின் முதுகில் 100-240 வோல்ட் என்று இருந்தால் எந்த நாட்டிலும் பின் மாற்றி மட்டும் போதும். 220-240 என்று மட்டும் இருந்தால் 110, 120 வோல்ட் நாட்டில் அந்தக் கருவி இயங்காது. மறுபக்கம், 110-120 மட்டும் உள்ளதை 230 வோல்ட்டில் செருகினால் போய்விடும். ஒவ்வொருவரும் ஒரு பின் மாற்றி வாங்குவதற்குப் பதில் அறைக்கு ஒரு பின் மாற்றி, அதில் நம் ஊர் எக்ஸ்டென்ஷன் போர்டு ஒன்று. போன், லேப்டாப் சார்ஜர்களுக்கு மட்டும். அயர்ன் பாக்ஸ், ஹேர் டிரையர் எதுவும் அதில் செருகக் கூடாது.

பவர் பேங்க் கைப்பையில்தான், செக்-இன் பெட்டியில் போடவே கூடாது. 100 வாட்-அவர் வரை அனுமதி, அதற்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். மில்லி ஆம்பியர்-அவரை 3.7 ஆல் பெருக்கி 1000 ஆல் வகுத்தால் வாட்-அவர் வரும். 20,000 என்று போட்டிருந்தால் 74. மேலே அச்சிட்ட எண் அழிந்துபோன பவர் பேங்கைப் பறித்துவிடுவார்கள்.

கிட்டார்: தந்திகளை ஒரு தொனி, ஒன்றரைத் தொனி தளர்த்துங்கள், முழுவதும் அவிழ்க்க வேண்டாம். உடைவது பெரும்பாலும் தலைப்பகுதி சேரும் இடத்தில்தான். பெட்டிக்குள் அந்தத் தலைக்கு மேலும் கீழும் துணியைச் சுருட்டி ஆடாமல் வையுங்கள். குளிர் நாட்டில் வெளியிலிருந்து சூடான ஹாலுக்குள் வந்ததும் பெட்டியைத் திறக்காதீர்கள், அரை மணி நேரம் மூடியே இருக்கட்டும். ரோஸ்வுட் பற்றிப் பயமுறுத்துவார்கள். செய்து முடித்த ரோஸ்வுட் இசைக் கருவிகளுக்கு 2019 நவம்பர் முதல் சைட்டீஸ் (அரிய உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தம்) அனுமதி தேவையில்லை, பிரேசிலியன் ரோஸ்வுட்டுக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது. தோல் கட்டிய கைமேளம் இருந்தால் அந்த நாட்டின் குவாரண்டைன் விதியைப் பாருங்கள், ரோமம் நீங்காத தோலைச் சில நாடுகள் உள்ளே விடாது. எல்லாக் கருவிக்கும் பெயர், மாடல், சீரியல் எண் பட்டியல் ஒன்று தயாரித்து, புறப்படும்போதே சுங்கத்தில் காட்டிப் பதிந்துகொள்ளுங்கள். திரும்பும்போது "அங்கே வாங்கியதா?" என்ற கேள்விக்கு அதுதான் பதில்.

---

மருந்துப்பை

சிஸ்டரோ பிரதரோ, பயண மருத்துவரை ஆறு முதல் எட்டு வாரத்துக்கு முன் எல்லோரும் பார்க்க வேண்டும். வெப்ப மண்டல நாடு என்றால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கேட்கிறார்களா என்று பாருங்கள். நீங்கள் போகும் நாடு கேட்காவிட்டாலும், விமானம் மாறும் நாடோ திரும்பி வரும் நாடோ கேட்கலாம். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். 2016 ஜூலை முதல் அது ஆயுள் முழுவதும் செல்லுபடி. பத்து ஆண்டுதான் என்று யாராவது சொன்னால் அது பழைய விதி. ஊசி போடக் கூடாத உடல்நிலை உள்ளவர்களுக்கு மருத்துவர் விலக்குக் கடிதம் தருவார், ஆனால் அதை அந்த நாடு ஏற்குமா என்று தூதரகத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மலேரியா மாத்திரையை மருத்துவர்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆனால் பாடகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். டாக்ஸிசைக்ளின் கொடுத்தால் முழு டம்ளர் தண்ணீரோடு, உட்கார்ந்தோ நின்றோ விழுங்க வேண்டும். அரை மணி நேரமாவது படுக்கக் கூடாது. உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் புண்ணாகும், நெஞ்செரிச்சலோடு யாராலும் பாட முடியாது. வெயிலில் தோல் சிவக்கவும் செய்யும். திரும்பி வந்த பிறகும் நான்கு வாரம் தொடர வேண்டும். அட்டோவாகுவோன்-புரோகுவானில் என்றால் திரும்பிய பின் ஏழு நாள். ஊருக்கு வந்ததும் பாதியில் நிறுத்துவதுதான் இளைஞர்கள் எல்லோரும் செய்யும் தவறு. கொசுவலையும் மாலையில் முழுக்கைச் சட்டையும் மாத்திரைக்குப் பதில் அல்ல, அதோடு சேர்த்து. திரும்பி வந்து மாதங்கள் கழித்துக் காய்ச்சல் வந்தாலும் எந்த நாட்டுக்குப் போனீர்கள் என்பதை மருத்துவரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்ல வேண்டும்.

இருமல் மருந்து பாடகர் பையில் கட்டாயம் இருக்கும். அதில் கோடீன் இருக்கிறதா, ஜலதோஷ மாத்திரையில் சூடோஎபெட்ரின் இருக்கிறதா என்று லேபிளைப் படியுங்கள். சில நாடுகளில் இவை கட்டுப்படுத்தப்பட்டவை, விமான நிலையத்தில் பிடிப்பார்கள். வலி மாத்திரைகளில் டிரமடாலுக்கும் இதேதான். தினம் சாப்பிடும் மருந்துகள் அசல் அட்டையில், மருந்துச் சீட்டோடு, கைப்பையில் இருக்க வேண்டும்.

தொண்டை கட்டியவருக்குப் பேசாமல் ஓய்வு, தண்ணீர், ஆவி. கிசுகிசுப்பாகப் பேசுவது ஓய்வு ஆகாது. மென்தால் மிட்டாய் வலியை மறைக்கும், அந்த மறைப்பில் பாடினால் சேதம் கூடும். பாடும் நாளில் காய்ச்சல், தலைவலிக்குப் பாரசிட்டமால் போதும். ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் குரல் நாண்களில் ரத்தக் கசிவுக்கு வழி செய்யலாம். ஒவ்வாமை மாத்திரைகள் தொண்டையைக் காயவைக்கும்.

வயிற்றுப்போக்குக்கு ஓஆர்எஸ் பாக்கெட் தலைக்கு நாலாவது எடுத்துப் போங்கள். தீர்ந்தால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலை தட்டிய அளவு. உப்பு கூடினால் ஆபத்து, ஆகவே கண்ணளவு வேண்டாம். குடிநீர் நன்றாகத் தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும், 2000 மீட்டருக்கு மேல் உள்ள ஊர் என்றால் மூன்று நிமிடம்.

காப்பீட்டில் "மருத்துவ வெளியேற்றம்" (நோயாளியை வேறு ஊருக்கோ நாட்டுக்கோ சிகிச்சைக்குக் கொண்டுபோகும் செலவு) என்ற பிரிவு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாத பாலிசி மலிவாகத்தான் இருக்கும், அதை வாங்க வேண்டாம். ஒவ்வொருவரின் ரத்தப் பிரிவு, ஒவ்வாமை, மருந்துகள், வீட்டு எண் எல்லாம் ஒரே தாளில் எழுதி, மூடிய உறையில் பெரியவர்கள் மூன்று பேரிடமும் இருக்கட்டும்.

---

வரவேற்கும்_சபை

ஆல்டோ_இரண்டு சொன்னதில் ஒன்றில் எனக்கு மாற்றுக் கருத்து. மூன்று அளவு நிகழ்ச்சி வரிசை நல்லதுதான், ஆனால் இந்தத் திட்டம் முழுவதும் நாம் பாடுவதையே சுற்றி இருக்கிறது. அழைக்கிற சபைக்கும் ஒரு பாடகர் குழு இருக்கும். அவர்களோடு ஒரு நாள் மாலை இரண்டு மணி நேரம் சேர்ந்து பிராக்டிஸ் செய்து, இசை ஆராதனையில் பாதிப் பாட்டையாவது சேர்ந்து பாடுங்கள். அவர்கள் பாட்டை நம் பிள்ளைகள் பின்வரிசையில் நின்று கற்றுக்கொள்ளட்டும். நாம் புறப்பட்ட பிறகு அந்தச் சபையில் நிற்கப்போவது அந்தக் குழுதான். ஸ்வரத்தாள், பயிற்சிப் பதிவு எல்லாம் அவர்களிடம் விட்டுவிட்டு வாருங்கள். நகல் எடுக்க உரிமை இல்லாத புதிய பாட்டுகளின் தாளை மட்டும் விட்டு வரக் கூடாது. ஆராதனையில் பாடுவதற்குப் பல நாடுகளில் விலக்கு உண்டு, ஆனால் நகல் எடுப்பது, வரிகளைத் திரையிடுவது, நேரலை செய்வது தனி உரிமை. அவர்களிடம் சிசிஎல்ஐ லைசென்ஸ் (சபைகள் பாட்டுகளைப் பயன்படுத்த வாங்கும் காப்புரிமை அனுமதி) இருக்கிறதா, அது நேரலையையும் சேர்த்ததா என்று கேளுங்கள்.

பிள்ளைகள் பாதுகாப்பு. 18 வயதுக்குக் கீழே உள்ளவரோடு எந்தப் பெரியவரும் தனியாக இருக்கக் கூடாது, காரிலும் அறையிலும் பின்மேடையிலும். நம் குழுவிலேயே 18 தாண்டியவரும் 16 வயதுக்காரரும் ஒரே அறையில் தங்கக் கூடாது, உடன்பிறந்தவர்கள் தவிர. சபையார் வீடுகளில் தங்க வைத்தால் ஒரு வீட்டுக்குக் குறைந்தது இரண்டு பேர். சின்னப் பிள்ளைகள் பெரியவர்கள் தங்கும் கட்டடத்திலேயே. கூட வரும் மூன்று பேரில் ஆண், பெண் இருவரும் இருக்க வேண்டும். இது அங்கே சந்திக்கும் பிள்ளைகளுக்கும் பொருந்தும். பள்ளியிலோ விடுதியிலோ ஒரு குழந்தையை மடியில் தூக்கி வைத்துப் படமெடுத்துப் போடுவது வேண்டாம். பள்ளியின் எழுத்து அனுமதி இருந்தாலும் முகம் தெரியாத படம்தான். நோயாளிகள் படம் எந்த நிலையிலும் கூடாது.

பணம். காணிக்கை எடுத்து உங்களுக்குத் தருவார்கள். வாங்குவதா, அந்தச் சபைக்கே திருப்புவதா என்று புறப்படும் முன்பே தீர்மானித்து அவர்கள் ஆயருக்குத் தெரிவியுங்கள். மேடையில் வைத்து மறுத்தால் அவர்களுக்கு மனவருத்தம். மறுபக்கம், நம் பிள்ளைகள் இரக்கப்பட்டு யாரோ ஒருவருக்குப் பள்ளிக் கட்டணம் கட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிடுவார்கள். அந்த வாக்கு நிறைவேறாமல் போனால் அந்த ஆயர்தான் பதில் சொல்ல வேண்டி வரும். உதவி எதுவானாலும் சபை வழியாக, திரும்பி வந்த பின் கமிட்டி முடிவு செய்து. குழுப் பணத்தை ஒருவர் சுமந்தால் பல நாடுகளில் 10,000 டாலர் அளவுக்கு மேல் அறிவிக்க வேண்டிய விதிக்குள் வந்துவிடும். அறிவித்துவிடுங்கள், அது குற்றமில்லை. அறிவிக்காமல் இருப்பதற்காகப் பல பைகளில் பிரிப்பதுதான் குற்றம். வேதாகமம், கைப்பிரதி கொண்டுபோவதானால் அந்தச் சபையைக் கேட்காமல் ஒரு பிரதிகூட வேண்டாம். சில நாடுகளில் அதன் விளைவு நம் மேல் விழாது, அவர்கள் மேல் விழும்.

---

வாலிபர்_ஐக்கியம்_செயலர்

அச்செடுத்துக் கமிட்டிக்குக் கொடுக்கப்போகிறேன். ஒரே ஒரு கேள்வி: பயணத்தின் நடுவில் 18 வயதுக்குக் கீழே உள்ள ஒருவர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டால், குழு திரும்பும் தேதி வந்துவிட்டால்?

---

பயணக்கோப்பு

பெரியவர் இருவர் அவரோடு தங்க வேண்டும், ஒருவர் அல்ல. அப்படியானால் மீதி நாலு சிறுவர்களோடு திரும்ப ஒரே பெரியவர்தான் மிஞ்சுவார். ஆகவே மூன்று போதாது, நான்காவது ஒருவரைச் சேருங்கள். பாடாதவராக இருக்கட்டும். நிகழ்ச்சிகளுக்கு மறுப்புச் சொல்லும் அதிகாரத்தையும் அவரிடமே கொடுத்துவிடலாம். தங்குகிறவர்களின் விசா முடியும் தேதி திரும்பும் தேதியோடு ஒட்டி இருக்கக் கூடாது, விண்ணப்பத்திலேயே ஒரு வாரம் கூடுதலாகக் கேளுங்கள். நோட்டரி கடிதத்தில் அந்தப் பிள்ளையின் பொறுப்பாளராக ஒருவர் பெயர் மட்டும் போட்டால் அவர் காய்ச்சலில் விழும்போது கையெழுத்துப் போட ஆளில்லை, இரண்டு பேர் பெயர் போடுங்கள். காப்பீட்டில் "உடன் தங்குபவர் செலவு" எத்தனை பேருக்கு என்று கேட்டு வாங்குங்கள், பல பாலிசிகளில் ஒருவருக்குத்தான் இருக்கும். இரண்டாமவருக்கான தொகையை, மொத்த பட்ஜெட்டில் 10 முதல் 15 சதவீதம் அவசர நிதி என்று தனியாக ஒதுக்குவீர்களே, அதிலிருந்து எடுக்கலாம்.